பெயர் தெரியாத சகோதரனின் விலா

சுகிர்தபுரம் சபையில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்பார். கேட்ட மூச்சிலேயே அடுத்த பாட்டின் எண்ணையும் சொல்லிவிடுவார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல அது, வழியில் பார்த்தவரை "சௌக்கியமா?" என்பது போல.

ஆகவே ஆசீர், கெத்சியாள் இருவரின் ஓலை இரண்டாம் முறை வாசிக்கப்பட்ட அன்று, முதல் வரிசையிலிருந்து டாக்டர் ஞானாபரணம் எழுந்து "தடை உண்டு" என்றபோது பாடகர் குழு முதல் சரணத்தில் பாதி தூரம் போயிருந்தது. ஒவ்வொரு குரலாக நின்றது. காது சற்று மந்தமான ஒருவர் மட்டும் தனியாக இரண்டு வரி பாடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

ஞானாபரணம் சபையின் செயலாளர். டாக்டர் என்பது கௌரவப் பட்டம். கௌரவம் அவருடையது, பட்டம் எந்த ஊருடையது என்பதைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆதாமின் விலா எலும்பைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். ஆணின் விலாவிலிருந்து பெண்ணைச் செய்தார் கடவுள், ஆகவே ஆண் கொடுத்தவன், பெண் பெற்றவள், கொடுத்தவனே தலை. இது முதல் பக்கத்தில் முடிந்துவிடும். மீதிப் பக்கங்களில் மறுபடியும் இதுவே வரும். கல்யாணப் பரிசாக அவரே கொடுத்துவிடுவதால் ஊரில் அந்த நூல் இல்லாத வீடு கிடையாது.

விலா விதையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய விலா எலும்பில் ஒரு துண்டை விதையாக வெட்டி, ஆஸ்பத்திரித் தொட்டியில் போட்டு வளர்த்தால் அது முழங்காலாகவோ இடுப்பாகவோ தாடையாகவோ வளர்ந்து வரும் காலம் அது. ஆனால் எல்லாருடைய எலும்பும் எல்லாருக்கும் ஒட்டாது. யார் உடம்பும் மறுக்காத எலும்பு லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒருவர் எட்டு வருஷத்துக்கு முன்பு கிடைத்தார். பெயரை ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது என்பது சட்டம். அன்றிலிருந்து சுகிர்தபுரத்தில் மூட்டு தேய்ந்த பெரியவர்களெல்லாம் பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறார்கள்.

சபையில் ஒவ்வொரு ஞாயிறும் "விலா ஈந்த, பெயர் தெரியாத அந்தச் சகோதரனுக்காக" ஜெபம் நடக்கும். எழுதியவர் ஞானாபரணம். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஆதாம் உறங்கும் ஓவியம் ஒன்றும் மாட்டினார்கள். அதற்கு மாதிரியாகப் படுத்துக் கொடுத்தவரும் அவரே. அதனால் அந்த ஆதாமுக்கு முறுக்கிய மீசை இருந்தது.

தடை பற்றி விசாரிக்கத் திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. மேஜையைச் சுற்றி ஞானாபரணம், பாஸ்டர் கோயில்பிள்ளை, ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர் லில்லி, மற்றும் வடைக்காக வந்த உறுப்பினர்கள். வடை கொண்டு வந்தது பெண்கள் சங்கத் தலைவி பாக்கியசீலி, ஞானாபரணத்தின் மனைவி. எதிரே கல்யாண ஜோடி. ஆசீர் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவன். நான்கு வருஷம் முன்பு ஒன்றிலிருந்து விழுந்து மூன்று விலா எலும்புகள் நொறுங்கி, விதையில் வளர்ந்த மூன்றை வைத்துப் பிழைத்தவன். கெத்சியாள் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி நடத்துகிறவள். பேச்சில் அவளை ஜெயித்த படகுக்காரர் இதுவரை கரைக்கு வரவில்லை.

"விவாகத்துக்கு முந்தைய உடற்சோதனையின் முடிவு செயலாளர் என்ற முறையில் என்னிடம் வந்தது," என்று ஞானாபரணம் தொடங்கினார். வீட்டில் உப்புக் கேட்கும்போதும் அவர் இப்படித்தான் பேசுவார். "மணமகனின் மார்பில் உள்ள எலும்பும் மணமகளின் எலும்பும் ஒன்றே. அதாவது இருவரும் ஒரே சகோதரனின் விலாவிலிருந்து எலும்பு பெற்றவர்கள். ஒரே மூலத்திலிருந்து வந்தவர்களை நாம் என்னவென்று அழைக்கிறோம்? உடன்பிறப்புகள்."

"ஒரே மில்லுல மாவு அரைச்சா சொந்தமாயிருவமா ஐயா?" என்றாள் கெத்சியாள்.

ஆசீர் அவள் பக்கம் குனிந்தான். "ஏய், உனக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சு? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"பெறவு சொல்லுதேன். பேசாம இரு."

மருத்துவர் லில்லி கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் ஐயா, எலும்பு ஒன்னா இருந்தா ரத்த உறவு ஆகாது. கட்டுப்பல்லு வைக்கிற மாதிரிதான் அது. என் வேலையில சொல்லக் கூடாதது சிலது உண்டு. அதனால இத விட்ருங்கன்னு மட்டும் சொல்லுதேன்."

"எலும்பைப் பற்றி எனக்கும் சிறிது தெரியும், அம்மா. பெண்ணைவிட ஆணுக்கு ஒரு விலா குறைவு என்பதிலிருந்தே..."

"ஒன்னும் குறையாது ஐயா. இருவது வருசமா படம் எடுக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான். உங்க படமே எங்கிட்ட இருக்கு. எண்ணிக் காட்டவா?"

ஞானாபரணம் தன்னையறியாமல் சட்டைமேல் கை வைத்து, எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"ஆதாமுக்கும் ஏவாளுக்கும் ஒரே எலும்புதான ஐயா?" என்றான் ஆசீர். "அவங்க கல்யாணத்துக்கு யாரும் தடை சொல்லலியே?"

"அப்ப கமிட்டி கிடையாது தம்பி," என்றார் பாஸ்டர் வருத்தத்தோடு.

ஞானாபரணம் புன்னகை செய்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். "அங்கே ஒருவன் கொடுத்தவன், ஒருத்தி பெற்றவள். கொடுத்தவன் பெற்றவளை மணக்கலாம். அது படைப்பின் ஒழுங்கு. ஆனால் பெற்றவர்கள் இருவர் தங்களுக்குள் மணப்பதற்கு வேதத்தில் இடமில்லை. இது என் நூலின் அடுத்த பதிப்பில் இணைப்பாக வரும்."

இணைப்பு ஏற்கனவே எழுதப்பட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து வாசித்தார். ஒரே விலாவிலிருந்து எலும்பு பெற்றவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் விவாகம் செல்லாது. விலா கொடுத்தவன் அவர்கள் அனைவருக்கும் தலை. அவன் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள். கொடுத்தவன், பெற்றவளை மணக்கத் தடையில்லை. இதைத் தீர்மானமாக நிறைவேற்றலாமா என்று கேட்டார். வடை ஆறிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் கை தூக்கினார்கள்.

கெத்சியாளின் முகம் சிவந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சேலை எடுத்தாயிற்று என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசீர் தலை குனிந்துகொண்டு நெஞ்சின் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போது வடைத் தட்டோடு நின்ற பாக்கியசீலி கேட்டார்: "ஏங்க, அப்ப என் இடுப்பு?"

"உன் இடுப்புக்கு என்ன?"

"அதுவும் அந்தத் தொட்டியில வளந்ததுதான? உங்க ரெண்டு முட்டும் அங்கதான் வளந்துச்சு. லில்லி, ஒங்ககிட்ட மொத்தம் எத்தன விதை இருக்கு?"

"ஒன்னுதான்க்கா. ஊருக்கே ஒன்னுதான்."

பாக்கியசீலி தட்டை மேஜைமேல் வைத்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். பாக்கியசீலியின் முகத்தில் பல வருஷமாகக் காணாத ஒரு பிரகாசம் வந்தது.

"அப்ப நீங்க எனக்கு அண்ணன்."

"பாக்கியசீலி, இது விளையாட்டல்ல."

"சரிங்கண்ணே."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம்."

"யாரு வீட்டுக்கு? கல்யாணமே செல்லாதுன்னு இப்பத்தான வாசிச்சிய? நான் எங்க தம்பி வீட்டுக்குப் போறேன். கிறிஸ்மஸுக்கு அண்ணன் வீட்டுக்குன்னு வந்து, உக்காந்த இடத்துல சாப்புட்டுட்டுப் போவேன். நீங்க ஆக்கி வைங்க."

பாஸ்டர் கோயில்பிள்ளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "ஜான்சன் வாத்தியார் வீட்டுல ரெண்டு பேருக்கும் முட்டு... மேலத்தெருவுல அவருக்குத் தாடை, அந்தம்மாவுக்குத் தோள்பட்டை... ஐயா, சபையில பாதிக் குடும்பம் போயிருமே. காணிக்கை யாரு போடுவா?"

வடையைக் கையில் எடுத்த உறுப்பினர்கள் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஞானாபரணம் நெற்றியைத் துடைத்தார். அவர் சுலபமாகத் தோற்கிறவர் அல்ல.

"ஒரு வழி உண்டு," என்றார். "கொடுத்தவர் தலை. தலை என்ற முறையில் அவர் ஒரு விதிவிலக்கு அளிக்கலாம். லில்லி அம்மா, அந்தச் சகோதரனை உடனே அழையுங்கள். எங்கே இருந்தாலும் வரட்டும்."

"பேரு சொல்ல எனக்கு அனுமதி இல்ல ஐயா."

"இது சபையின் வாழ்வா சாவா என்ற பிரச்சினை!"

"வந்துதான் இருக்கு ஐயா," என்றாள் கெத்சியாள்.

ஞானாபரணம் ஆவலோடு வாசலைப் பார்த்தார். "எங்கே? உள்ளே வரச் சொல்."

"வாசல்ல இல்ல. நாந்தான்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். லில்லி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"நீ... நீ பெண்," என்றார் ஞானாபரணம்.

"ஆமா ஐயா. ஊருக்கே தெரியும்."

"ஆனால் விலா கொடுத்தவர் எப்படி..."

"பத்தொம்பது வயசுல ரத்தம் குடுக்கப் போனேன். என் எலும்பு எல்லாத்துக்கும் ஒட்டும்னு சொன்னாக. குடுத்தேன். அந்தப் பக்கத்த மட்டும் மரக்க வச்சு எடுத்தாக. முழிச்சுட்டுத்தான் கிடந்தேன்."

"ஆசீருக்கு வைக்கும்போது அவருதான் அசந்து தூங்குனாரு," என்றார் லில்லி. "வேதத்துல உள்ளது அந்த ஒரு இடத்துல சரியாப் பொருந்துது."

பாஸ்டருக்கு வேறு கவலை. "எட்டு வருசமா ஒரு சகோதரனுக்காக ஜெபிச்சோமே. அதெல்லாம் யாருக்குப் போய்ச் சேந்துச்சு?"

பாஸ்டர் தீர்மானத்தை எடுத்து மூக்கருகே பிடித்து இன்னொரு முறை படித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தடையில்லன்னு இருக்கு. அப்ப இந்தப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஒன்னுமில்ல. டாக்டர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும்தான் தடை."

கெத்சியாள் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஞானாபரணத்தின் முகம் அப்போது ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி இருந்தது. அந்த முகத்தைத் தினமும் பார்க்கிற தொழில் அவளுடையது.

"ஐயா, நான் தலைன்னு எழுதியிருக்கிய. என் சொல்லுக்குக் கட்டுப்படணும்னும் எழுதியிருக்கிய. சரி, சொல்லுதேன். அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க."

ஞானாபரணம் தாளைக் கையில் எடுத்தார். கிழித்தால் ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகும். கிழிக்காவிட்டால் தன் தீர்மானத்தைத் தானே மீறியதாகும். நானூறு பக்கத்தில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

"கிழிங்கண்ணே," என்றார் பாக்கியசீலி.

கிழித்தார்.

"இன்னொன்னு," என்றாள் கெத்சியாள். "இந்த விசயம் இந்த ரூம விட்டுப் போகக் கூடாது. தெரிஞ்சா எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாப்பாக. கையெடுத்துக் கும்புடுவாக. ஒருத்தரும் எங்கிட்ட மொகத்துக்கு நேரா ஏசிப் பேச மாட்டாக. எனக்கு அது ஆகாது."

கமிட்டி வேகமாகத் தலையாட்டியது. பாஸ்டர் முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

"எனக்கு ஒரு தடை இருக்கு," என்றான் ஆசீர்.

பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

ஆசீர் யாரையும் பார்க்கவில்லை. கை இன்னும் நெஞ்சின் இடது பக்கத்தில் இருந்தது. "நேத்து வரைக்கும் நீயும் நானும் சமமா ஏசிக்கிட்டோம். இனிமே எப்படி? கோவம் வந்து ஒரு வார்த்த சொல்லப் போனா இந்த மூணு எலும்பும் ஞாபகம் வரும். ஐயா புஸ்தகத்துல எழுதுனத படிச்சப்பல்லாம் சிரிப்பேன். இப்ப எனக்கே அது வந்து நிக்கு. ஆயுசு பூரா கைகட்டிக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்த?"

கெத்சியாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. துறைமுகத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது. இதற்குத்தான் அவள் சொல்லாமலே இருந்தாள். யாரிடம் வரக் கூடாது என்று பயந்தாளோ கடைசியில் அவனிடமே அந்தக் கூச்சம் வந்து சேர்ந்தது.

லில்லி நாற்காலியை ஆசீர் பக்கம் இழுத்துப் போட்டார். "தம்பி, டாக்டருங்கிற முறையில ஒன்னு சொல்லவா? விலாவ ஏன் எடுக்கோம் தெரியுமா? எலும்புக்கு மேல மெல்லிசா ஒரு உறை இருக்கு. அத உள்ளேயே விட்டுட்டு எலும்ப மட்டும் உருவி எடுத்தா, அந்த உறைக்குள்ள மறுபடியும் எலும்பு வளந்துரும். கொஞ்ச மாசந்தான். கெத்சியாளுக்கு எப்பவோ வளந்தாச்சு. நான்தான் படம் எடுத்துப் பாத்தேன்."

"கேட்டியா?" என்றாள் கெத்சியாள். குரல் திரும்பிவிட்டது. "எனக்கு ஒரு எலும்பும் கொறையல. கொறையாத ஒன்னக் குடுத்துட்டு அதுக்கு ஒருத்தன் கைகட்டி நிக்கணும்னு சொன்னா, அது குடுத்ததே இல்ல. பிடுங்குனது."

பாஸ்டர் கோயில்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "அப்ப... ஆதாமுக்கும் திரும்ப வளந்திருக்குமோ?"

"உறைய விட்டுட்டு எடுத்திருந்தா வளந்திருக்கும்," என்றார் லில்லி. "செஞ்சவரு கைதேர்ந்தவருதான?"

"வளந்தத ஆதாம் யாருட்டயும் சொல்லல போல," என்றாள் கெத்சியாள்.

"எப்படிச் சொல்லுவாக?" என்றார் பாக்கியசீலி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

ஞானாபரணம் ஒரு வடையை எடுத்தார். அவராகக் கையை நீட்டி எடுத்தது அதுவே முதல் முறை. வழக்கமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"அப்ப ஏசலாமா?" என்றான் ஆசீர்.

"ஏசு. முன்னாலேயே ஏன் சொல்லலன்னு ஏசு. அது எனக்கு வேணும்."

அவன் நன்றாகவே ஏசினான். அவளும் விடவில்லை. கமிட்டி நிம்மதியாக வடை தின்றது.

லில்லி எழுந்திருக்கும்போது ஞானாபரணத்திடம் வந்து நின்றார். "ஐயா, நான் இங்க வந்தது வேற ஒரு காரியமா. விதை பழசாயிருச்சு, முன்ன மாதிரி வளர மாட்டேங்கு. புதுசா ஒரு விலா வேணும். இந்தப் பிள்ளைட்ட ரெண்டாந்தடவ கேக்க மனசில்ல. உடற்சோதனைய கட்டாயமாக்குனப்ப, முன்மாதிரியா நீங்களே முதல்ல செஞ்சுகிட்டிய இல்லியா? உங்க எலும்பும் எல்லாத்துக்கும் ஒட்டும். அதச் சொல்ல எத்தனையோ தடவ போன் பண்ணுனேன். ஆராய்ச்சில இருக்கியன்னு சொன்னாக."

ஞானாபரணத்தின் கையில் பாதி வடை நின்றது. விலா கொடுப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தக் கோணத்தில் அவர் அதை யோசித்ததே இல்லை.

"வலிக்குமா?" என்று கேட்டார். அவர் எழுத்துத்தமிழில் பேசாமல் சும்மா பேசியதை அன்றுதான் கேட்டார்கள்.

"எடுக்கும்போது வலிக்காது ஐயா," என்றாள் கெத்சியாள். "பெறவு கொஞ்ச நாள் தும்முனா வலிக்கும். சிரிச்சா வலிக்கும்."

"அப்ப பாதி வலிதான்," என்றார் பாக்கியசீலி. "இவுக சிரிச்சு நான் பாத்ததில்ல."

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கொடுத்தார். புதன்கிழமை முழு மயக்கத்தில் எடுத்தார்கள். கண் விழித்ததும் ஓர் உரை நிகழ்த்தத் தொடங்கினார். விலா அனுமதிக்காததால் இரண்டாவது வாக்கியத்திலேயே முடித்துக்கொண்டார். அவருடைய பேச்சுகளில் அதுவே சிறந்தது என்று செவிலியர்கள் சொன்னார்கள். பெயரை வெளியிடக் கூடாது என்ற சட்டம் ஆஸ்பத்திரியைத்தான் கட்டுப்படுத்தும். அவர் படுக்கையிலிருந்தே ஊருக்கெல்லாம் போன் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லில்லி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஞானாபரணம் கோவிலுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஓலை மூன்றாம் முறை வாசிக்கப்பட்டது. பாஸ்டர் தடை உண்டா என்று கேட்டார். இந்தத் தடவை பாட்டு எண்ணைச் சொல்லாமல், பட்ட அனுபவத்தால், கொஞ்சம் காத்திருந்தார்.

ஞானாபரணம் மெல்ல எழுந்தார். ஒரு கையை உயர்த்தினார். முகம் கோணியது. வாய் திறந்தது. மொத்தச் சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆசீர் ஆண்கள் பக்கத்திலிருந்து கெத்சியாளை எட்டிப் பார்த்தான்.

தும்மல் அது. வந்துகொண்டிருந்தது, வலிக்குப் பயந்து மனிதர் அதை நடுவழியில் நிறுத்திவைத்திருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கெத்சியாளின் குரல் கோவில் முழுக்கக் கேட்டது. "ஐயா, கையில உள்ள வேதபுஸ்தகத்த விலாவோட சேத்து இறுக்கி அமுக்கிக்கிட்டுத் தும்முங்க! வலிக்காது! நான் தலையாணிய வச்சு அப்படித்தான் தும்முவேன்!"

அவர் அமுக்கினார். தும்மினார். வலிக்கவில்லை. ஆச்சரியத்தில் சிரித்தார், சிரித்ததில் வலித்து "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்தார். பாக்கியசீலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிலில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் கெத்சியாள் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கை தன் வாய்மேல் போயிருந்தது. அவளருகில் இருந்த மீன் வியாபாரி தங்கபுஷ்பம் கெத்சியாளைப் பார்த்தார். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். மறுபடியும் கெத்சியாளைப் பார்த்தார். கோவில் முழுக்கப் பெரியவர்கள் தங்கள் தங்கள் மூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தடை ஒன்றுமில்லை," என்று பாஸ்டர் அவசரமாகச் சொல்லிப் பாட்டு எண்ணையும் சொன்னார்.

அன்று ராத்திரி கெத்சியாளுக்குத் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் ஐஸ் பேக்டரிக் கதவைப் பயந்துகொண்டே திறந்தாள். கும்பிட்ட கைகளோடு ஒரு வரிசை நிற்கும் என்று நினைத்தாள். வரிசை நிற்கத்தான் செய்தது. முதலாவதாகத் தங்கபுஷ்பம், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

"ஏளா," என்றார், "வெலாவையே சும்மா தூக்கிக் குடுத்தவ, ஒரு பெட்டி ஐஸுக்கா இம்புட்டு வெல சொல்லுத? வெக்கமா இல்ல?"

பின்னால் நின்ற மொத்த வரிசையும் "அதான!" என்றது.

கெத்சியாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் சண்டை போட்டு அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை.